துரைக்கு எவ்வளவு தமிழ் போதும்?

அஞ்சுநாட்டுக் கதை – 11

பூஞ்சார் தம்புரானிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ 1877 ஜூலை 11 அன்று கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கியதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். மூன்று வருஷம் கழித்து, 1880இல், பார்வதி என்ற இடத்தில் ஏ. எச். ஷார்ப் தேயிலை நட்டார். அதன் பிறகு மலை என்ன ஆயிற்று என்பதை மூணாறு போய் வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இந்த வாரம் செடியை விட்டுவிட்டு, அதைச் சுற்றி நடந்த பேச்சைக் கவனிப்போம்.

பத்திரம் எழுதிக் கொடுத்தவர் பேசியது மலையாளம். வாங்கியவர் பேசியது ஆங்கிலம். காட்டை அழித்துக் குழி வெட்டிச் செடி வைத்தவர்கள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டிவந்த தமிழர்கள். மலைக்கு அந்தப் பக்கம் மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி என்று ஐந்து ஊர்களிலும் தேயிலை வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ் வேரூன்றியிருந்தது. ஆக, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்தாலும் இந்த மலையில் காரியம் நடக்கத் தமிழ் வேண்டும்.

துரைக்குத் தமிழ் தெரியாத வரையில் கங்காணிதான் ராஜா. ஆள் சொன்னது துரைக்குப் போகும்போது அது கங்காணியின் வார்த்தையாகிவிடும். துரை சொன்னது ஆளுக்கு வரும்போதும் அப்படியே. கூலியில் எவ்வளவு பிடித்தார்கள், முன்பணக் கடன் எவ்வளவு மிச்சம், யாருக்கு முழுநாள் பேர் விழுந்தது, யாருக்கு அரைநாள் பேர் என்று எல்லாக் கணக்கும் ஒரே வாய் வழியே போய்வந்தது. தோட்டக் கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. பிரிட்டனிலிருந்து கப்பலேறி வரும் சின்னதுரை, அதாவது உதவி மேலாளர், சீக்கிரம் தமிழ் பேசியாக வேண்டும் என்று நினைத்தார்கள். நல்லெண்ணம் என்று யாரும் அவசரப்பட வேண்டாம், கணக்குச் சரியாக வர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இதற்கென்றே புத்தகங்கள் வந்தன. இலங்கையில்தான் முதலில் வந்தன. தோட்டங்களும் தமிழ் ஆட்களும் அங்கே இன்னும் அதிகம். ஏ. எம். ஃபெர்குசன் எழுதிய சட்டைப்பைக் கையேட்டின் தலைப்பே ‘இங்கே வா’. சின்னதுரைக்கான தமிழ் வழிகாட்டி என்று அதற்குத் துணைத் தலைப்பு. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் கொழும்பில் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் ‘கூலித் தமிழ்’. பெயரில் இருக்கிற ஏளனம் இன்று நமக்குச் சுடுகிறது; அன்று கடைகளில் அந்தப் பெயரோடுதான் விற்றது.

இந்த வகைப் புத்தகங்களை ஒரு பள்ளி வாத்தியார் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். தோட்டத்து வேலைதான் இவற்றில் பாடம், இலக்கணம் அதற்குப் பின்னால் கைகட்டி நிற்கும். விடிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டில் என்ன பேச வேண்டும், களை எடுக்கும்போது என்ன, வடிகாலுக்குக் கான் வெட்டும்போது என்ன, செடியை நறுக்கும் கவ்வாத்துக்கு என்ன, கொழுந்து நிறுக்கும்போது என்ன என்று நாளும் வேலையும் போகிற வரிசையில் தமிழ் போகும். மறுநாள் காலையில் வாயில் வர வேண்டியது இன்று ராத்திரி பாடம். இருபது வயதில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பையன் ஆறு மாதத்தில் பெரட்டுக்களத்தில் நின்று ஆள் எண்ணி, கணக்கப்பிள்ளையைக் கேள்வி கேட்க முடிந்தது இப்படித்தான்.

இன்றைய மொழிக் கல்வியாளர்கள் இந்த முறைக்குப் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். மொழியைத் தனியே கற்பிக்காதே, வேறொரு பாடத்தை அந்த மொழியில் கற்பி, மொழி தானே வந்து ஒட்டும் என்பது சாரம். 1980களில் அமெரிக்காவிலும் 1990களில் ஐரோப்பாவிலும் இதைக் கோட்பாடாக்கிப் புத்தகங்கள் எழுதினார்கள். தேயிலைத் தோட்டத்தில் அது நூறு வருஷம் முன்பே நடந்தது, கோட்பாடு எதுவும் இல்லாமல்.

நடந்தது சரி, எவ்வளவு தூரம் நடந்தது? கொழுந்து எடுக்கிற ஒரு பெண் காலையில் பெரட்டுக்களத்தில் வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிறாள். துரைக்குப் புரிகிறது, காய்ச்சல் என்பது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிக்க வேண்டிய சங்கதி. நேற்று ராத்திரி லயத்தில் என்ன நடந்தது, போன மாதம் பிடித்த பணம் ஏன் இன்னும் கணக்கில் ஏறவில்லை, ஊரில் தகப்பன் செத்த சேதி வந்தும் கங்காணி ஏன் விடவில்லை என்று அவள் ஆரம்பித்தால் துரையின் தமிழ் அங்கேயே தீர்ந்துபோகும். அவர் கற்ற தமிழ் ஏவல் தமிழ். போ, வா, வெட்டு, எடு, நிறுத்து. ‘நீங்க’ என்று சொல்ல அவருக்குச் சந்தர்ப்பமே வரவில்லை, ஆகையால் அது அவர் மொழியிலும் இல்லை. எந்தப் பாடத்தின் வழியாக ஒரு மொழி வந்ததோ அந்தப் பாடத்தின் வேலிவரைதான் அது மேயும். இந்த முறையைப் புகழ்கிறவர்கள் பலரும் இந்த வேலியைப் பார்ப்பதில்லை என்பது என் குறை.

வேலி பெரிதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

சென்னையில் 1812இல் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் சிவில் அதிகாரிகள் ஜில்லாக்களுக்குப் போகும் முன் தென்னாட்டு மொழிகளைக் கற்க வேண்டிய இடம் அது. மூளையாக இருந்தவர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். கச்சேரியில் வந்து விழும் மனுவைப் படிக்கவும், சாட்சி சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும், வரிக்கணக்கைப் பார்க்கவும் தெரியாத கலெக்டர், தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தாரின் கையில் பொம்மை. தோட்டத்தில் கங்காணி, கச்சேரியில் சிரஸ்தார், பயம் ஒன்றுதான். ஆனால் எல்லிஸ் தன் கல்லூரியில் வைத்த ஆட்கள் வேறு மாதிரி. தலைமைத் தமிழாசிரியர் சிதம்பரப் பண்டாரம். பிறகு தாண்டவராய முதலியார் வந்தார். 1826இல் அச்சான அவருடைய பஞ்சதந்திர வசனம் மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது. நரியும் சிங்கமும் பேசுகிற ராஜதந்திரக் கதையை ஆளவந்த பையனுக்குப் பாடமாக வைத்தவரின் குறும்பை நான் மெச்சுகிறேன். கல்லூரியில் இன்னொரு பக்கம் உள்ளூர் ஆட்களுக்குச் சட்டமும் கற்பித்தார்கள்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கச்சேரித் தமிழோடு நின்றிருப்பார்கள். எல்லிஸ் நிற்கவில்லை. குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகள் சம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை இல்லை, தனிக் குடும்பம் என்று சான்றோடு 1816இல் எழுதியவர் அவர்தான். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வர இன்னும் 40 வருஷம் இருந்தது. 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். வருவாய் அதிகாரியாக நிலவுரிமையைப் படிக்கப் புகுந்தவர் பழைய சாசனத்துக்குப் போனார், சாசனத்திலிருந்து இலக்கியத்துக்குப் போனார். அவர் எடுத்துக்கொண்ட பாடத்துக்குக் கரை இருக்கவில்லை.

இந்த இடத்தில், அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வருகிற காந்தளூர்ச் சாலை நம் காந்தலூர்தானா? இல்லை. அது கடலோரம், திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதி என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்ற முடிவு. ஐயாயிரம் அடி உயரத்தில் பூண்டும் கேரட்டும் விளைகிற நம்மூருக்கும் அதற்கும் பெயரில்தான் உறவு. ஆனாலும் அந்தச் சாலையை இந்தக் கதையில் விட்டுவிட மனம் வரவில்லை. காரணம், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் வெளியிட்ட செப்பேடு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறை அருகே பார்த்திவசேகரபுரத்தில் காந்தளூரை முன்மாதிரியாக வைத்து அவன் ஒரு சாலை, அதாவது கல்விக்கூடம், நிறுவினான். மாணவர் 95 பேர்: 45, 36, 14 என்று மூன்று வேதப் பிரிவுகளுக்குப் பங்கு. சேர வேண்டியவருக்கு இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் தெரிந்திருக்க வேண்டும். கூடவே மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே படித்த சம்ஸ்கிருதம் அந்த ஊர் வீதியில் யாரும் காய்கறி வாங்கிய மொழியாக இருந்திருக்காது. சடங்கும் ராஜ்ய காரியமும் கற்கிற வழியில் அவர்களுக்கு வசப்பட்ட மொழி. (கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது என்றும் அந்தச் செப்பேட்டில் விதி இருக்கிறது. மாணவர் விடுதிகள் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் போலும்.)

பாடத்தின் வழியே மொழி வந்த இன்னோர் இடம் யாழ்ப்பாணம். 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது. முதல் அதிபர் டேனியல் பூர். மதம் மாற்றுவது மிஷனின் குறி என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்த வழி கணிதம், வானசாஸ்திரம், இயற்கை விஞ்ஞானம். பூர் வானசாஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஊரில் பஞ்சாங்கத்துக்கு இருந்த மதிப்பு பெரிது, அதைக் கணக்கால் வெல்லலாம் என்று அவர் நினைத்தார். 1829இல் வந்த சந்திர கிரகணத்தை வைத்து உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிதத்துக்கும் செமினரிக் கணிதத்துக்கும் போட்டியே நடந்தது. வகுப்பில் கற்ற ஆங்கிலத்துக்கு ஊர் முழுக்க ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த ஒரு ராத்திரி கிடைத்தது. எந்தப் பாடப்புத்தகம் இதைச் செய்யும்?

அங்கே படித்த இருவர்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. விசுவநாதபிள்ளை ஆங்கிலத்தில் கற்ற அட்சர கணிதத்தைத் தமிழில் ‘வீசகணிதம்’ என்று எழுதினார். தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றினார். இரண்டு மொழிக்கும் ஒருசேரப் பாடம் இருந்ததால் இது முடிந்தது. செமினரியில் தமிழைக் கீழே போடவில்லை. மிஷன் தலைமை இதில் திருப்திப்படவில்லை. ஆங்கிலம் படித்தவன் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகிறான், பிரசங்கத்துக்கு வருவதில்லை என்று கணக்குப் பார்த்து 1855இல் செமினரியை மூடிவிட்டார்கள். அதே மிஷனின் டாக்டர் சாமுவேல் கிறீன் எதிர்த்திசையில் போனார். மானிப்பாயில் ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1864 முதல் தமிழில் கற்பித்தார். வைத்தியன் ஊரில் இருக்க வேண்டுமானால் வைத்தியம் ஊர்மொழியில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

நம் காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலத்தை வாக்கிய அமைப்பு அமைப்பாக, எளிதிலிருந்து கடினத்துக்குப் படியேற்றிக் கற்பிக்கும் முறையை 1950களின் கடைசியில் பெரும் இயக்கமாகவே நடத்தினார்கள். 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இலக்கு. அந்த முறையில் படித்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதுவார்கள், ரயில் நிலையத்தில் ஆங்கிலத்தில் விசாரிக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபுவுக்கு இது உறுத்தியது. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட சில ஊர்களில், பெரும்பாலும் சாதாரணப் பள்ளிகளில், இலக்கணப் பாடமே இல்லாமல் ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன நேரத்துக்கு இன்ன ஊரில் இருக்க எந்த வண்டி ஏற வேண்டும் என்று யோசிக்க வைப்பது ஒரு பாடம். ஊர் வரைபடத்தைக் கொடுத்து வழி கண்டுபிடிப்பது இன்னொன்று. முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு புதிரை வாய்விட்டுப் போடுவார், பிறகு அதே சாயலில் இன்னொன்றைப் பிள்ளை தனியே போடும். பிள்ளையின் கவனம் விடையில் இருக்கும், மொழி அதோடு ஒட்டிக்கொண்டு வரும். வெளியாட்கள் வந்து சோதித்தார்கள். முடிவு முழு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. 1987இல் பிரபு எழுதிய புத்தகத்தை உலகம் முழுக்க மொழியாசிரியர்கள் படித்தார்கள். நம்மூரில் பழைய வழக்கமே தொடர்ந்தது.

கனடாவில் மான்ட்ரியலை அடுத்த செயின்ட் லாம்பர்ட் ஊரில் 1965இல் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் நடத்தியதைத்தான், பாடத்தின் வழியே மொழி கற்பிப்பதற்கு இன்றுவரை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அது வென்றது உண்மை. அந்தப் பிள்ளைகளுடைய ஆங்கிலத்துக்கு வீட்டிலோ நாட்டிலோ யாராலும் ஆபத்து இல்லை என்பதும் உண்மை. போட்டியாக வந்த மொழியைப் பெற்றோர்களே விரும்பிக் கேட்டார்கள். இதை அப்படியே எடுத்து, வீட்டில் ஒரு சொல் ஆங்கிலம் இல்லாத பிள்ளைக்கு விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் ஊற்றினால், விஞ்ஞானமும் வராது, ஆங்கிலமும் வராது, மனப்பாடம் வரும்.

காந்தலூரில் நிலைமை இன்னும் நூதனம். பிள்ளை வீட்டில் பேசுவது தமிழ். சந்தைக்குப் போனால் உடுமலைப்பேட்டை, அங்கேயும் தமிழ். பஞ்சாயத்து, கிருஷி பவன், வில்லேஜ் ஆபீஸ் எல்லாம் மலையாளம். கேரள அரசு தமிழ் வழியில் பாடப்புத்தகம் அச்சிடுகிறது, பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம். 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுத இடம் கொடுக்கிறது. 2017இல் வந்த சட்டம் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. சட்டப்படி எல்லாம் ஒழுங்கு. ஆனால் மலையாளம் இங்கே மொழிப்பாடமாக மட்டும் வந்தால் காதுக்கு எட்டும், கைக்கு எட்டாது. தமிழ்ப் பிள்ளைக்கு மலையாளம் கேட்டுப் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆகாது. எழுத்தும் ஆபீஸ் நடையும்தான் மிரட்டும்.

பெரியவர்கள் எப்படிக் கற்றார்கள் என்று பாருங்கள். இந்த மலையில் ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவருக்கும் பட்டயம் (நிலவுரிமைப் பத்திரம்), தண்டப்பேர் (வரிக்கணக்கு எண்), போக்குவரவு (பெயர் மாற்றம்) என்ற மூன்றும் தெரியாமல் இருக்க முடியாது. நிலவரியான கரம் கட்டிய ரசீதில் தன் சர்வே நம்பர் சரியா என்று பார்க்கத் தெரியாதவன் நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான். வட்டவடை, கொட்டகம்பூர்ப் பக்கம் 2006இல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவித்த பிறகு பட்டயச் சரிபார்ப்பு என்ற பேச்சு வந்தபோது, பள்ளிக்கூடத்தில் ஒரு மலையாள எழுத்தும் படிக்காதவர்கள்கூட நோட்டீசை எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. நிலம் என்ற ஒரே பாடத்தின் வழியாக வந்த மலையாளம் அது. வில்லேஜ் ஆபீஸில் ஆணித்தரமாகப் பேசுவார், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நெஞ்சுவலியை விவரிக்கத் தடுமாறுவார். துரையின் தமிழுக்கு இருந்த அதே வேலி, ஆள் மட்டும் மாறியிருக்கிறது. ஒருவன் அதிகாரம் செய்யக் கற்றான், இவர் அதிகாரத்துக்குத் தப்பக் கற்றார்.

பள்ளியில் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், மலையாள வகுப்பில் வாரத்துக்கு ஒரு நாளாவது கதையை மூடிவைத்துவிட்டு, ஊர் விவகாரத்தை எடுக்கச் சொல்வேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர்ச் சர்க்கரை எப்படி ஆகிறது என்பது இந்தப் பிள்ளைகளுக்கு மலையாள வாத்தியாரைவிட நன்றாகத் தெரியும். கரும்புப் பாலைக் கொதிக்கவைப்பது, சுண்ணாம்பு போட்டு அழுக்கு எடுப்பது, பதம் பார்ப்பது, மரத்தொட்டியில் ஊற்றிச் சூடு ஆறும் முன் கையால் உருட்டுவது. தெரிந்த விஷயத்தைத் தெரியாத மொழியில் சொல்லச் சொன்னால் பிள்ளை மொழியை மட்டும் தேடினால் போதும். வாத்தியாருக்கும் ஒரு விஷயம் தெரிந்ததாக இருக்கும். பிறகு உடம்பு, மருந்துச்சீட்டு, பஸ், வங்கி என்று வேலியைத் தள்ளிக்கொண்டே போகலாம்.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. முதுவர் குடிகளிலும் மலைப்புலையர் குடிகளிலும் பேசுவது தமிழுக்கு நெருக்கமானதுதான், ஆனாலும் பாடப்புத்தகத் தமிழே அவர்களுக்கு அயல். அந்தப் பிள்ளைகள் தமிழ் வழியில் சேர்ந்தாலும் மலையாள வழியில் சேர்ந்தாலும் முதல் நாளிலேயே இன்னொருவர் மொழியில் இன்னொருவர் பாடத்தைக் கேட்கிறார்கள். கேரள அரசு 2017இல் வயநாட்டில் கோத்ரபந்து என்ற திட்டத்தைத் தொடங்கி, பழங்குடிச் சமூகத்திலேயே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களைத் தொடக்கப்பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தியது. பிறகு அட்டப்பாடிக்கும் அது வந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை தன் மொழியில் கேள்வி கேட்டால் புரிந்துகொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்பதே அதன் பெரிய பலன். தேவிகுளம் தாலுகாவின் இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்தாக ஆனது. அந்தக் குடிகளுக்குப் பள்ளிக்கூடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கதை. அதற்கு முன், இந்த மலை எந்த மாநிலத்துக்கு என்று 1954இல் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் எழுந்த போராட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அது அடுத்த பகுதியில்.